புலம்பெயர்ந்த கிட்டார் கலைஞர் செலதோனியோ ரொமேரோ: எந்த ஒலிப்பதிவிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

கேள்வி

வணக்கம். ஸ்பானிய இசையமைப்பாளர் ஹோவாகின் ரொத்ரிகோ இயற்றிய ‘கொன்சியெர்தோ அந்தலூஸ்’ என்னும் படைப்பை, நான்கு கிட்டார்களும் முழு இசைக்குழுவும் சேர்ந்து வாசித்த ஒரு பழைய ஒலிப்பதிவில் அண்மையில் கேட்டேன். கிட்டார் வாசித்த நால்வரும் ஒரு தந்தையும் அவருடைய மூன்று மகன்களும் என்பதை இசைத்தட்டின் உறையில் படித்தபின், அதை மீண்டும் முதலிலிருந்து கேட்காமல் இருக்க முடியவில்லை. தந்தையான செலதோனியோ ரொமேரோ 1957-இல் ஸ்பெயினை விட்டு அமெரிக்காவுக்குச் சென்றவர் என்று அறிந்தேன். அப்போது அவருக்கு வயது 44. அந்த வயதில், தேர்ச்சி பெற்ற ஒரு கலைஞர் குடும்பத்தோடு நாட்டை விட்டுச் செல்ல என்ன காரணம்? அவர்களுடைய ஒலிப்பதிவுகளில் எதை முதலில் கேட்க வேண்டும்?

முதல் மறுமொழி

வணக்கம். செலதோனியோ 1913-இல் கியூபாவின் சியென்ஃபுவேகோஸ் நகரில் பிறந்தார். ஆயினும் வளர்ந்ததும் கலைஞராக உருவானதும் தெற்கு ஸ்பெயினின் மாலகாவில்தான். சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் உள்நாட்டில் கச்சேரி செய்ய முடிந்த அவருக்கு, வெளிநாடு சென்று வாசிக்க அனுமதி கிடைக்கவில்லை. கிட்டார் கலைஞர் ஒருவருக்கு இது எத்தகைய இழப்பு என்பதை அவருடைய காலத்தோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்: அதே ஆண்டுகளில் ஆந்த்ரேஸ் செகோவியா உலகமெங்கும் கச்சேரி செய்து, கிட்டாருக்குப் பெரிய அரங்குகளில் இடம் தேடித் தந்துகொண்டிருந்தார், செலதோனியோவோ தம் வீட்டில் மகன்களுக்குக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூவருக்கும் அவரே ஆசிரியர். நடு மகன் பெப்பே ஏழு வயதிலேயே செவில்லா நகரின் லோபே தே வேகா அரங்கில் மேடையேறினார்.

1957-இல் குடும்பம் தெற்குக் கலிஃபோர்னியாவில் குடியேறியபோது பெப்பேக்கு 13 வயது, இளையவர் ஆன்ஹெலுக்கு 11. மூத்தவர் செலின் இருபதைக் கடந்தவர். 1960-இல் தந்தையும் மக்களும் ‘லோஸ் ரொமேரோஸ்’ என்ற நால்வர் குழுவாயினர். நான்கு கிட்டார்களுக்கென்று எழுதப்பட்ட இசை அப்போது மிகக் குறைவு என்பதால், பிற கருவிகளுக்கான படைப்புகளை அவர்கள் தங்களுக்கு ஏற்ப மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நீங்கள் கேட்ட கொன்சியெர்தோ அந்தலூஸ் இவர்களுக்காகவே ரொத்ரிகோ எழுதியது. 1967 நவம்பரில் டெக்சாஸின் சான் அன்டோனியோவில், விக்டர் அலெசாண்ட்ரோ நடத்திய இசைக்குழுவோடு அது முதன்முதலாக அரங்கேறியது. மாலகா அடங்கிய அந்தலூசியா வட்டாரத்தின் பெயரைத் தாங்கிய படைப்பு, அந்தலூசியாவை விட்டு வந்த குடும்பத்தின் கைகளில், அமெரிக்க மண்ணில் பிறந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இரண்டாம் மறுமொழி

ஒலிப்பதிவுகளைப் பற்றி நான் சொல்கிறேன். முதலில் மெர்க்குரி நிறுவனத்தின் பதிவுகளைக் கேளுங்கள். கொன்சியெர்தோ அந்தலூஸும், ஆன்ஹெல் தனிக் கிட்டார் வாசிக்கும் ரொத்ரிகோவின் ‘கொன்சியெர்தோ தே அரன்ஹுவேஸ்’ படைப்பும் ஒரே இசைத்தட்டின் இரு பக்கங்களாக வந்தன. இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் இசை தனி இசைத்தட்டாக வந்தது. அதில் நான்கு வயலின்களுக்கான பி மைனர் படைப்பை நான்கு கிட்டார்கள் வாசிப்பதைக் கேட்டால், இக்குடும்பத்தின் தனித்தன்மை விளங்கும். தந்தியை மீட்டிய விரல் அடுத்த தந்தியின்மேல் சாய்ந்து நிற்கும் ‘அப்போயாந்தோ’ முறையை அவர்கள் விரைவான இடங்களிலும் கைவிடுவதில்லை. அதனால் நாதம் மெலிவதே இல்லை. நால்வரும் ஒரே கையால் வாசிப்பதுபோல் எனக்குத் தோன்றுவது, மகன்கள் மூவருக்கும் தந்தையே குரு என்பதால்தான்.

மூன்றாம் மறுமொழி

மெர்க்குரி பதிவுகளின் துடிப்பை நானும் விரும்புகிறேன். ஆனாலும் புதியவர் ஒருவருக்கு ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் பதிவுகளையே நான் பரிந்துரைப்பேன். கொன்சியெர்தோ அந்தலூஸை அவர்கள் அங்கே நெவில் மாரினர் நடத்திய இசைக்குழுவோடு மறுபடி வாசித்தார்கள். பெப்பேயும் ஆன்ஹெலும் சேர்ந்து வாசிக்கும் ரொத்ரிகோவின் ‘கொன்சியெர்தோ மத்ரிகால்’ படைப்பையும் அதே குழுவோடு கேட்கலாம். இசைக்குழு கிட்டாரின் மெல்லிய ஒலியை மூடிவிடாமல் விலகி வழிவிடும் நயத்தை இப்பதிவுகளில் நான் மிகத் தெளிவாக உணர்கிறேன். ஃபெதெரிகோ மொரேனோ தொரோபா இவர்களுக்காக எழுதிய ‘கொன்சியெர்தோ இபேரிகோ’ படைப்பும் தவறவிடக் கூடாதது.

ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். செலதோனியோ வாசித்தவர் மட்டுமல்லர், இயற்றியவரும்கூட. அவருடைய ‘சுயித்தே அந்தலூசா’, ‘கொன்சியெர்தோ தே மாலகா’ ஆகியவற்றைக் கேட்காமல் அவரை அறிந்துகொண்டதாகச் சொல்ல முடியாது. பிந்தையதற்கு இசைக்குழுப் பகுதியை அமைத்துக் கொடுத்தவர் தொரோபா. தனிக் கிட்டாரை வாசித்தவர் பெப்பே. தந்தை தம் ஊரை நினைத்து எழுதியதை மகன் வாசிக்கிறார். நானாக இருந்தால் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாலகா பதிவை இன்றிரவே கேட்கிறேன். 1996-இல் செலதோனியோ மறைந்த பிறகு குழு என்னவாயிற்று என்பதையும் சொன்னால் மகிழ்வேன்.

முதல் மறுமொழி எழுதியவர்

குழு கலையவில்லை. 1990-இல் ஆன்ஹெல் விலகியபோது செலினின் மகன் செலினோ அந்த இடத்துக்கு வந்திருந்தார். தாத்தாவின் மறைவுக்குப் பின் ஆன்ஹெலின் மகன் லீத்தோ சேர்ந்துகொண்டார்.