சோதனையில் தேறியவரெல்லாம் சுத்தமானவரா? சைக்கிள் பந்தயமும் மருந்துச் சீட்டும்
(புனைபெயர்களில் நான்கு ரசிகர்களின் உரையாடல்)

மலைச்சரிவு:
2024 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் பிளாத்தோ த பேய் (Plateau de Beille) என்ற மலையில் ஸ்லோவேனிய வீரர் பொகாச்சார் ஏறியதை நேற்று மறுபடி பார்த்தேன். 1998-இல் அதே மலையில் இத்தாலிய வீரர் பந்தானி எடுத்த நேரத்தைவிட மூன்று நிமிடத்துக்கும் மேல் குறைவு. அந்த 1998 டூரில் பந்தானி கொடுத்த மாதிரியில் இபிஓ (இரத்தச் சிவப்பணுவைக் கூட்டும் தடைசெய்த மருந்து) இருந்ததாக 2013-இல் பிரெஞ்சு செனட் அறிக்கை வெளியிட்டது. மருந்தோடு ஏறியவரை மருந்தில்லாத ஒருவர் இவ்வளவு பின்னுக்குத் தள்ள முடியுமா?

பொகாச்சார் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை. அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் "சோதனையில் தேறிவிட்டார், பேச்சை விடு" என்கிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. ஆம்ஸ்ட்ராங் ஆண்டுக்கணக்கில் சொன்னதும் அதைத்தானே? ஏழு டூர் பட்டங்களும் ஊக்கமருந்துக்காக 2012-இல் பறிபோனது, கூட ஓட்டியவர்கள் வாய் திறந்த பிறகுதான்.

நேர்க்கோடு:
கடிகாரத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். அன்று அந்த மலையில் எதிரணியான விஸ்மா அடிவாரத்திலிருந்தே வேகத்தைக் கூட்டியது, அதன் முன்னணி வீரர் விங்ககோர் உச்சிக்குப் பத்து கிலோமீட்டருக்கு முன்பே பாய்ந்தார். முழு மலையும் முழு மூச்சில் ஏறப்பட்டது. டயரும் சட்டகமும் 1998-இல் இருந்தவை அல்ல. முக்கியமாகச் சாப்பாடு. இன்று மணிக்கு நூறு கிராம் மாவுச்சத்துக்கு மேல் வயிற்றில் இறக்குகிறார்கள், அதற்கென்றே குடலைப் பழக்குகிறார்கள். பழைய ஆட்கள் அதில் பாதி எடுத்தாலே பெரிது. ஐந்து மணி நேரம் ஓட்டிவிட்டுக் கடைசி மலைக்கு வரும்போது அந்த வித்தியாசம் காலில் தெரியும்.

இன்னொன்று. பந்தானியின் நேரத்தை அன்று உடைத்தவர் பொகாச்சார் மட்டுமல்ல. ஒரு நிமிடம் சொச்சம் பின்னால் வந்த விங்ககோரும் உடைத்தார்.

மலைச்சரிவு:
சரி, நேரத்தை விடுகிறேன். சாப்பாட்டு விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம்தான்.

என் உண்மையான ஆத்திரம் மருத்துவர் சீட்டோடு வரும் மருந்தின் மேல். 1999-இல் ஆம்ஸ்ட்ராங்கின் மாதிரியில் ஸ்டீராய்டு தெரிந்தது. இருக்கையில் உரசி வந்த புண்ணுக்குக் களிம்பு என்று முன்தேதியிட்ட சீட்டு ஒன்றைக் காட்டினார்கள், விவகாரம் அத்தோடு அமுங்கியது. பொய்ச் சீட்டு என்பது பல ஆண்டு கழித்துத்தான் வெளியே வந்தது.

அப்புறம் 2012 டூரை வென்ற விக்கின்ஸ். 2011, 2012 டூருக்கு முன், 2013-இல் ஜீரோ (Giro) என்ற இத்தாலியப் பந்தயத்துக்கு முன் என மூன்று முறை டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. மகரந்த ஒவ்வாமைக்காம். மூன்றுக்கும் மருத்துவ விலக்கு (தடைசெய்த மருந்தை நோய்க்காக எடுக்க அனுமதி) வாங்கியிருந்தார்கள். 2016-இல் ஹேக்கர்கள் கசியவிட்டிராவிட்டால் நமக்குத் தெரிந்தே இருக்காது. அந்த மருந்து வலுவைக் குறைக்காமல் எடையைக் குறைக்கும் என்று பழைய வீரர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆண்டின் மிகப் பெரிய பந்தயத்துக்குச் சில நாள் முன்புதான் ஒவ்வாமை வருமா?

நேர்க்கோடு:
மகரந்தம் பறப்பதும் அந்த மாதங்களில்தான். 2018-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு, விக்கின்ஸின் அணி அறநெறிக் கோட்டைத் தாண்டியது என்று எழுதியது உண்மை. விதியை மீறியதாக அதே குழு சொல்லவில்லை. விக்கின்ஸும் கடைசிவரை மறுத்தார். விதிக்குள் நின்ற ஒருவரைக் குற்றவாளிபோல் பேசினால், அப்புறம் விதி எதற்கு?

மூச்சு:
நான் இரண்டு பக்கமும் இல்லை. எனக்குப் பத்து வயதிலிருந்து ஆஸ்துமா. குளிர்ந்த காலையில் மேட்டில் மிதித்தால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். இன்ஹேலரை இரண்டு முறை அழுத்தினால் மூச்சு திரும்பிவிடும். நான்கு முறை போனால் விரல் நடுங்கும், நெஞ்சு படபடக்கும், தண்ணீர் பாட்டிலின் மூடியைக்கூட ஒழுங்காகத் திருக வராது. என்னுடையதில் ஒரு அழுத்தல் 100 மைக்ரோகிராம். வீரர்களுக்கு 24 மணி நேரத்தில் 1600 வரை அனுமதி, அதாவது 16 அழுத்தல்!

2017-இல் வுவெல்ட்டா என்ற ஸ்பெயின் பந்தயத்தில் ஃப்ரூம் என்ற வீரரின் சிறுநீரில் சால்பியூட்டமால் (இந்த இன்ஹேலர் மருந்துதான்) மில்லிலிட்டருக்கு 2000 நானோகிராம் என்று செய்தி வந்தபோது, வரம்பு 1000 என்று படித்தபோது, என் கைதான் ஞாபகம் வந்தது. அதே சமயம் இன்ஹேலர் வைத்திருப்பவனெல்லாம் ஏமாற்றுக்காரன் என்று பேசுவது வலிக்கிறது. அது இல்லாமல் என்னால் மாடிப்படிகூட ஏற முடியாத நாள் உண்டு.

பழைய ரசிகன்:
மூச்சு, உங்கள் மேல் யாருக்கும் கோபமில்லை. எனக்குக் கோபம் தராசின் மேல். இதே மருந்துக்கு, பெட்டாக்கி என்ற வீரருக்கு 2007-இல் 1320, ஓராண்டுத் தடை. அவர் ஏமாற்ற நினைக்கவில்லை என்று நடுவர் மன்றமே ஏற்றது, தடையை மட்டும் விலக்கவில்லை. உலிஸ்ஸிக்கு 2014-இல் 1920, ஒன்பது மாதம். ஃப்ரூமுக்கு 2000, ஒரு நாள்கூட இல்லை. நல்ல வக்கீலும் நிபுணர் படையும் வைக்க முடிந்த அணிக்கு ஒரு நீதி, மற்றவர்களுக்கு வேறொன்றா?

நேர்க்கோடு:
முழுக்கணக்கைச் சொல்லுங்கள். உடலில் நீர் வற்றினால் சிறுநீர் அடர்த்தியாகும், எண் தானாக ஏறும். அடர்த்தியைச் சரிசெய்த பின் அந்த 2000, 1429 ஆனது. மூன்று வாரம் வெயிலில் ஓட்டியவரின் சிறுநீர் அது. அனுமதித்த அளவுக்கு மேல் அவர் எடுத்தார் என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவே வாதிடவில்லை, 2018 ஜூலையில் உலக சைக்கிள் சங்கமான யுசிஐ வழக்கை முடித்தது. பெட்டாக்கிக்கு அநியாயம் நடந்திருக்கலாம். அதற்காக ஃப்ரூமுக்கும் நடக்க வேண்டும் என்பீர்களா?

பழைய ரசிகன்:
இல்லை. பெட்டாக்கியின் வழக்கைத் திரும்ப எடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்கிறேன். யாரும் எடுக்கவில்லை.

மலைச்சரிவு:
"விதிக்குள் நின்றார்" என்ற வாதத்துக்கு என் பதில் டிரமடால். கடுமையான வலி நிவாரணி, தலை சுற்றும், தூக்கம் வரும். இருநூறு பேர் உரசிக்கொண்டு போகும் கூட்டத்தில் ஒருவர் அதைப் போட்டிருந்தால் விழுவது அவர் மட்டுமா? 2019 மார்ச் 1 முதல் யுசிஐ தடை செய்தது. வாடா பட்டியலில் அது சேர்ந்தது 2024-இல்தான். 2022 டூரில் ஆறாவதாக வந்த கின்டானாவின் இரத்தத்தில் அது தெரிந்து இடம் பறிபோனது. தான் எடுக்கவில்லை என்றார் அவர். இதே மருந்து 2019 பிப்ரவரியில் முழுக்கச் சட்டபூர்வம்! அப்போது போட்டு ஓட்டியவர் யோக்கியர், மறுவாரம் போட்டவர் குற்றவாளி. விதி எப்போதும் தாமதமாகத்தான் வருகிறது. நடுவில் கிடக்கும் அந்த ஆண்டுகளைப் பற்றித்தான் கேட்கிறேன்.

நேர்க்கோடு:
வந்ததே, அது முக்கியமில்லையா? ஸ்டீராய்டு ஊசியும் 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை. நீங்கள் திட்டும் ஓட்டை அடைபட்டுவிட்டது.

மலைச்சரிவு:
அதையும் அணிகள் முன்பே செய்திருக்கலாம். எம்பிசிசி என்று அணிகளே சேர்ந்து வைத்த ஒரு சங்கம் இருக்கிறது. அதன் விதிப்படி, வீரரின் உடலில் கார்ட்டிசால் (ஸ்டீராய்டு எடுத்தால் குறையக்கூடிய சுரப்பு) குறைந்திருந்தால் குறைந்தது எட்டு நாள் ஓய்வு. 2015-இல் ஜார்ஜ் பென்னட்டை அவர் அணி ஜீரோ தொடங்கும் முன்பே விலக்கியது. அதே ஆண்டு டூரில் லார்ஸ் பூமுக்கும் கார்ட்டிசால் குறைவு. அவர் அணியான அஸ்தானா அவரை ஓட்டவிட்டது, சங்கத்திலிருந்தும் வெளியேறியது.

நேர்க்கோடு:
பென்னட் மேல் யாரும் குற்றம் சாட்டவே இல்லை. கார்ட்டிசால் பல காரணங்களால் குறையும், களைப்பு உட்பட. ஒரு தப்பும் செய்யாதவர் ஜீரோவை இழந்தார். நீங்கள் கேட்கும் உலகம் அதுதான்.

மலைச்சரிவு:
ஆமாம், அவர் நிலை கொடுமைதான். இருந்தாலும் அந்த அணி செய்ததே சரி என்பேன். குறைந்தபட்சம் இதையாவது செய்யட்டும்: ஒவ்வொரு டூரும் முடிந்ததும் மருத்துவ விலக்குப் பட்டியலை வெளியிடட்டும். பெயர் வேண்டாம். மருந்து, அளவு, தேதி, அணி போதும்.

நேர்க்கோடு:
ஓர் அணியில் எட்டே பேர். பெயர் இல்லாவிட்டாலும் அது யார் என்று ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒருவரின் நோயை ஊரே பேசும்.

மூச்சு:
என் நோயைப் பேசட்டும். நடுங்கும் கையோடு நான் வாங்கும் மூச்சை ஏமாற்று என்று சந்தேகிப்பதைவிட அது எனக்கு மேல்.

நேர்க்கோடு:
உங்களுக்குச் சம்மதம் இருக்கலாம். சம்மதம் இல்லாதவரிடமும் கேட்டுத்தான் வெளியிட வேண்டும். அதில் நான் இறங்கி வரமாட்டேன்.