கான்கிரீட் ஸ்கேட்பார்க்குக்கு முதல் தடவை: மூன்று பேர், மூன்று நிலை, எங்கிருந்து தொடங்குவது?

முதல்வளைவு:
மூன்று பேர் போகிறோம். 9 வயது மகள் நேராகத் தள்ளிக்கொண்டு போவாள், எவ்வளவு சாய்ந்தாலும் போர்டு திரும்பமாட்டேன் என்கிறது. 15 வயது மகன் ஆலி (கையால் பிடிக்காமல் போர்டோடு குதிப்பது) போடுவான், ஆனால் சமதரையில் மட்டும்தான். எனக்குச் சின்னச் சரிவுகளில் ஏறி இறங்க வரும், ட்ராப் இன் (விளிம்பில் நின்று அப்படியே உள்ளே இறங்குவது) வராது. பார்க்கில் 3 அடி பவுல் (கிண்ணம் போன்ற வளைவுக் குழி) ஒன்று, 9 அடி பவுல் ஒன்று, நடுவில் ஸ்ட்ரீட் பகுதி (தெருவில் இருப்பதுபோல் படி, திட்டு உள்ள இடம்). போர்டு மூன்றுமே 8 இன்ச், வீல் 52 மி.மீ., 99ஏ. வீல் மாற்ற வேண்டுமா? யார் எங்கே தொடங்கலாம்? ட்ராப் இன்னைப் படிப்படியாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பேரிங்608:
வீலை மாற்ற வேண்டாம். இழைத்து முடித்த கான்கிரீட்டுக்கு 99ஏ சரியான கடினம். 78ஏ மாதிரி மெத்து வீல் சொரசொரப்பான ரோட்டுக்குச் சுகம், ஆனால் பார்க்கில் சறுக்கித் திருப்ப விடாது. பவுல் பிடித்துப்போய் அதிலேயே ஓட்டப்போகிறீர்கள் என்றால் அப்போது 56 மி.மீ. வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு ட்ரக்குக்கும் (வீல்களைத் தாங்கும் உலோக அச்சு) பலகைக்கும் நடுவே 1/8 இன்ச் ரைசர் (உயர்த்தும் தகடு) போடுங்கள். போடாவிட்டால் அழுத்தித் திரும்பும்போது வீல் பலகையின் அடியில் உரசிப் பிடித்துக்கொள்ளும். போர்டு சட்டென்று நிற்க, ஆள் முன்னால் தூக்கியெறியப்படுவார்.

மகளுக்குத் திரும்ப வராததற்குக் காரணம் பெரும்பாலும் அவள் இல்லை, ட்ரக்தான். கடையிலிருந்து வரும் புஷிங் (ட்ரக்கில் உள்ள ரப்பர் போன்ற வளையம்) பெரியவர்கள் எடைக்கு ஏற்றது. 25, 30 கிலோ உடம்பு சாய்ந்தால் அது நசுங்காது. ட்ரக்கின் நடுவே புஷிங்கை இறுக்கும் கிங்பின் போல்ட்டின் நட்டை 9/16 இன்ச் சாக்கெட்டால் அரைச் சுற்று தளர்த்துங்கள், ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு இன்னொரு அரைச் சுற்று. கிங்பின்னின் நுனி நட்டின் நைலான் வளையத்துக்கு உள்ளே இறங்கிவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் தளர்த்தினால் ஓட்டத்திலேயே கழன்றுவிடும். அப்போதும் திரும்பவில்லையென்றால் 80ஏ அளவில் மெத்தான புஷிங் மாற்றுவதுதான் வழி. வீல் நட்டு 1/2 இன்ச், பலகை நட்டு 3/8. ஸ்கேட் டூல் ஒன்று இருந்தால் மூன்றும் அதில் அடக்கம்.

கோப்பிங்_ஓரம்:
போனதும் போர்டைக் கீழே வைக்காமல் பத்து நிமிடம் வெளி ஓரமாகச் சுற்றிவாருங்கள். ஒவ்வொருவரும் எங்கே கிளம்பி, எந்தச் சரிவில் ஏறி, எங்கே வந்து நிற்கிறார்கள் என்று பாருங்கள். பார்க்கில் தரையில் வரையாத பாதைகள் இருக்கின்றன. மோதல்களில் பல அந்தப் பாதை தெரியாமல் நடுவில் நிற்பதால் வருபவைதான். குறிப்பாகச் சரிவின் அடிவாரம் நிற்கிற இடமே இல்லை. மேலிருந்து இறங்குபவருக்கு நீங்கள் கடைசி நொடியில்தான் தெரிவீர்கள்.

பவுலில் ஒரு நேரத்தில் ஒருவர். போர்டின் டெயிலை (பின்முனையை) கோப்பிங்கில் ஊன்றி நிற்பவர் அடுத்த முறைக்குக் காத்திருக்கிறார், அவரைத் தாண்டி இறங்கக் கூடாது. கோப்பிங் என்பது விளிம்பில் பதித்த இரும்புக் குழாய். அதில் கால் தொங்கப்போட்டு உட்காராதீர்கள், ட்ரக்கால் உரசிக்கொண்டு வருபவருக்கு நிறுத்த வழியில்லை. கேட்காமல் எதிலும் மெழுகு தேய்க்காதீர்கள். பவுல் விளிம்பில் தேய்த்தது வீலோடு சுவருக்கு இறங்கி அடுத்தவரை வழுக்கிவிடும்.

கையில் ஒரு சின்னத் துடைப்பம் கொண்டுபோங்கள். கடினமான 52 மி.மீ. வீலுக்குக் கடுகளவு கல்லே போதும், வீல் அப்படியே நின்றுவிடும். காலையில் போனால் பவுலின் நிழல்பக்கச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். வெயில்பக்கம் காய்ந்து வெளுத்திருக்கும்போதும் அங்கே பனி ஈரம் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும்.

மகளை பேங்க் எனப்படும் நேர்ச்சரிவில் தொடங்கவையுங்கள், வளைவுச் சுவர் பிறகு. நேர்ச்சரிவில் சாய்மானம் ஒரே அளவு, உடம்பு ஒரு தடவை பழகினால் போதும். மகனும் அங்கேயே ஆலி போட்டுப் பார்க்கட்டும். சமதரைப் பழக்கத்தில் நிமிர்ந்தே இறங்கினால் எடை பின் வீலுக்குப் போய் போர்டு முன்னால் ஓடிவிடும். தோள்கள் சரிவுக்கு இணையாகச் சாய்ந்திருக்க வேண்டும்.

ஃபேக்கி_போதும்:
ட்ராப் இன் கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் பம்ப் கற்றுக்கொள்ளுங்கள். 3 அடி பவுலின் அடித்தரையில் தொடங்கி சுவரில் ஏறி, திரும்பாமல் அப்படியே பின்னால் இறங்கி, எதிர்ச்சுவரில் ஏறுங்கள். வளைவுக்குள் நுழையும்போது முழங்கால் மடங்கியிருக்கட்டும். வளைவின் ஊடே காலை நீட்டி அழுத்துங்கள். உச்சியில் மறுபடி மடக்குங்கள். ஊஞ்சலில் நின்று உந்துகிற அதே வேலைதான். தரையில் தள்ளாமலே பத்து தடவை போய்வர முடிந்தால் உடம்புக்கு அந்த வளைவு தெரிந்துவிட்டது என்று பொருள்.

இப்போது ட்ராப் இன். பின்காலை டெயிலில் வைத்து முழு எடையும் அதில் நில்லுங்கள். பின் வீல்கள் கோப்பிங்கின் உள்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். முன்காலை முன் போல்ட்டுகளின் மேல் குறுக்காக வையுங்கள், இன்னும் எடை கொடுக்க வேண்டாம். முழங்காலை மடக்கி, எதிரே அடித்தரையைப் பாருங்கள். பிறகு முன் வீல்கள் சுவரில் அறைகிற மாதிரி முன்காலை ஒரே மிதியாக மிதியுங்கள், முன்தோளும் காலோடு சேர்ந்து போகட்டும்.

தவறுவது எப்போதும் ஒரே இடத்தில்தான். மிதிக்கும் நொடியில் பயத்தில் தோள் பின்னால் இழுக்கும். முன் வீல் சுவரைத் தொடாது, போர்டு காலடியிலிருந்து உருவிக்கொண்டு ஓடும், விழுவது பின்மண்டையும் முதுகெலும்பு நுனியும். பாதி மனதாக மிதிப்பது மிதிக்காமல் இருப்பதைவிட ஆபத்து. பிடித்துவிட ஆள் இருந்தால் அவர் நேர் கீழே நிற்காமல் பக்கவாட்டில் நின்று கை கொடுக்கட்டும்.

முழங்கால் கவசத்தில் சறுக்கி விழவும் மூவரும் பழகுங்கள். சுவரின் பாதி உயரத்திலிருந்து போர்டு இல்லாமல் ஓடிவந்து, இரண்டு முழங்காலையும் ஒன்றாக மடக்கிச் சறுக்கி இறங்க வேண்டும். கவசம் தடித்த பிளாஸ்டிக் மூடியுள்ளதாக இருந்தால்தான் வழுக்கும், துணிக் கவசம் கான்கிரீட்டில் பிடித்துக்கொள்ளும்.

முதல்வளைவு:
மூன்று பேருக்கும் நன்றி. சைக்கிள் ஹெல்மெட் இருக்கிறது, அதுவே போதுமா?

பேரிங்608:
பின்மண்டை வரை இறங்கி மூடுகிற ஸ்கேட் ஹெல்மெட்டே நல்லது. உள்ளே ஏஎஸ்டிஎம் எஃப்1492 அல்லது ஈஎன் 1078 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சைக்கிள் ஹெல்மெட்டின் கெட்டி நுரை ஒரே ஒரு பலத்த அடியைத் தாங்கி நசுங்கும், பிறகு மீளாது. அப்படி ஒரு அடி ஏற்கெனவே பட்டிருந்தால், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் அதை அணிந்து போகாதீர்கள். மகளுக்கு மணிக்கட்டுக் கவசமும் சேர்த்து வாங்குங்கள், புதிதாகப் பழகுபவர்கள் கையை ஊன்றித்தான் விழுவார்கள்.