கிரன்விக் வேலைநிறுத்தம்: சங்கம் கைகொடுத்ததா, கைவிட்டதா?

வெம்ப்ளி வாசி:
"பிரிட்டிஷ் தொழிற்சங்கங்கள் நிறபேதத்தைத் தலைமுழுகியது கிரன்விக்கில்தான்" என்று போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். லண்டன் வில்ஸ்டனில் இருந்த ஃபிலிம் கழுவும் கம்பெனி கிரன்விக். ஃபிலிம் சுருளைத் தபாலில் அனுப்பினால் கழுவி, பிரிண்ட் போட்டு, தபாலிலேயே திருப்பி அனுப்புவார்கள். அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குஜராத்திப் பெண்கள். வாரச் சம்பளம் சுமார் 28 பவுண்டு. அப்போது லண்டனில் உடலுழைப்பு வேலை செய்த பெண்களின் சராசரி 44 பவுண்டு. கழிப்பறைக்குப் போகக்கூட மேலாளரிடம் கேட்க வேண்டும். ஓவர்டைம் கட்டாயம், அதையும் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் சொல்வார்கள்.

1976 ஆகஸ்ட் 20, வெள்ளிக்கிழமை. வேலையில் மெதுவாக இருந்தார் என்று தேவ்ஷி பூதியா என்ற இளைஞரை நீக்கினார்கள். அன்று மாலையே, கிளம்பத் தயாராக நின்ற ஜெயாபென் தேசாயை ஓவர்டைம் இருக்கச் சொன்னார்கள். ஐந்தடிக்கும் குறைவான உயரம், புடவை கட்டிய பெண். மேலாளரை நேருக்கு நேர் பார்த்து, "நீங்கள் நடத்துவது தொழிற்சாலை இல்லை, மிருகக்காட்சி சாலை. அங்கே உங்கள் விரலசைவுக்கு ஆடும் குரங்குகளும் உண்டு, தலையைக் கடித்தெடுக்கும் சிங்கங்களும் உண்டு. நாங்கள் அந்தச் சிங்கங்கள்" என்று சொல்லிவிட்டு மகனோடு வெளியேறினார். அபெக்ஸ் என்ற சங்கத்தில் சேர்ந்து, கம்பெனி அதை அங்கீகரிக்க வேண்டும் என்று கடைசியில் 137 பேர் வெளியே நின்றார்கள். ஏறக்குறைய இரண்டு வருடம். 1978 ஜூலையில் போராட்டம் முடிந்தபோது ஒருவரைக்கூடத் திரும்ப எடுக்கவில்லை. இதையா ஒற்றுமையின் வெற்றி என்கிறீர்கள்?

செங்கொடி கோவை:
தோழர், தோற்றது உண்மைதான். ஆனால் யாரால் தோற்றது என்று பாருங்கள்.

1968 ஏப்ரலில் ஈனோக் பவல் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் பர்மிங்ஹாமில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசினார். மூன்றே நாளில் லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் அவரை ஆதரித்து நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள். 1977இல் அதே துறைமுகத்துச் சங்கப் பிரதிநிதிகளின் பதாகை கிரன்விக் வாசலில் நின்றது. ஒன்பது வருடத்தில் நடந்த இந்த மாற்றம் சின்ன விஷயமா? அந்த ஜூலை 11 அன்று மட்டும் சுமார் 20,000 பேர் திரண்டார்கள். யார்க்‌ஷயர் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் தலைவர் ஆர்தர் ஸ்கார்கிலோடு வந்தார்கள்.

கிரிக்கில்வுட் தபால்காரர்களை மறக்கவே முடியாது. கம்பெனியின் உயிரே தபால்தான், அதைத் தொட மாட்டோம் என்றார்கள். பெரும்பாலும் வெள்ளையர்கள். சஸ்பெண்ட் ஆகிச் சம்பளத்தை இழந்தார்கள், யாருக்காக? பேர் தெரியாத குஜராத்திப் பெண்களுக்காக. அதை உடைக்க வலதுசாரி அமைப்பான சுதந்திரத்துக்கான தேசிய சங்கம் ராத்திரியோடு ராத்திரியாகத் தபால் மூட்டைகளை லாரியில் கடத்தி, நாடு முழுக்கத் தபால் பெட்டிகளில் பிரித்துப் போட்டது. எதிரி அங்கே இருந்தான், தொழிற்சங்கத்தில் இல்லை.

லெஸ்டர்க்காரி:
நான் லெஸ்டரில் இருக்கிறேன், எங்கள் ஊர்க் கதையையும் சேர்த்துப் பாருங்கள். கிரன்விக்கை மட்டும் தனியாக எடுத்துப் பேசுவதால்தான் இந்தக் குழப்பம்.

1972இல் லஃப்பரோவில் மேன்ஸ்ஃபீல்ட் ஹோசியரி மில். நல்ல சம்பளமுள்ள நிட்டர் (பின்னல் இயந்திரம் ஓட்டும்) வேலை வெள்ளையருக்கு, மற்றது இந்தியருக்கு. இந்தியர்கள் ஸ்ட்ரைக் செய்தார்கள். அவர்கள் சங்க அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்த பிறகுதான் சங்கம் அதை அங்கீகரித்தது. அப்போதும் வெள்ளை உறுப்பினர்களை வெளியே கூப்பிடவில்லை. 1974இல் லெஸ்டர் இம்பீரியல் டைப்ரைட்டர்ஸ். ஒப்பந்தப்படி 168 இயந்திரத்தைத் தாண்டினால் போனஸ், ஆனால் 200ஐத் தாண்டினால்தான் கொடுத்தார்கள். ஐந்நூறு ஆசியர்கள் வெளியேறியபோது, முறைப்படி புகார் செய்யவில்லை என்று சங்கமே கதவைச் சாத்தியது. அடுத்த வருடம் ஆலையையே மூடிவிட்டார்கள்.

இப்போது ஒப்பிடுங்கள். இந்த இரண்டு இடத்திலும் ஆசியருக்கு நியாயம் செய்தால் வெள்ளை உறுப்பினர் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும்: நிட்டர் வேலையை, சங்கப் பிரதிநிதிப் பதவியை. கிரன்விக்கில் அப்படி ஒன்றும் இல்லை. அங்கே சங்கமே கிடையாது, எதிரே இருந்தது ஒரு முதலாளி மட்டும். பங்கு கேட்காத இடத்தில் தோள் கொடுப்பது எளிது. கிரன்விக்கை வைத்துச் சங்கங்கள் மாறிவிட்டன என்று முடிவு கட்டுவது அதனால்தான் தவறு.

கணக்குப்பிள்ளை:
எல்லாவற்றுக்கும் நிறத்தை இழுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கிரன்விக் முதலாளி ஜார்ஜ் வார்ட் டெல்லியில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். சுரண்டியவர் உடம்பிலும் இந்திய ரத்தம்தானே? இது கூலிப் பிரச்சினை. வெள்ளைத் தொழிலாளியின் பயத்திலும் நியாயம் இருந்தது. பிரிஸ்டல் பஸ் கம்பெனியை எடுங்கள். அடிப்படைச் சம்பளம் குறைவு, ஓவர்டைம் பார்த்தால்தான் குடும்பம் ஓடும். புது ஆட்கள் வந்தால் ஓவர்டைம் போய்விடும் என்று பயந்தார்கள். வயிற்றுப்பாட்டைப் பார்த்தவனை நிறவெறியன் என்பதா?

லெஸ்டர்க்காரி:
ஐயா, பிரிஸ்டல் உங்கள் வாதத்துக்கு உதவாது. புது ஆட்கள்தான் பயம் என்றால் எந்தப் புது ஆளும் வேண்டாம் என்றல்லவா தீர்மானம் போட்டிருக்க வேண்டும்? 1955இல் அங்குள்ள போக்குவரத்துச் சங்கக் கிளை போட்ட தீர்மானம், கறுப்பர்களை ஓட்டுநராகவோ நடத்துநராகவோ எடுக்கக் கூடாது என்பது. பஸ்ஸைக் கழுவ எடுக்கலாம், டிக்கெட் கிழிக்க எடுக்கக் கூடாது. ஆள் பற்றாக்குறை இருந்த ஊர் அது.

1963இல் பால் ஸ்டீஃபன்சன் என்ற கறுப்பின இளைஞர் நலப் பணியாளர் கம்பெனிக்குப் போன் போட்டு, கய் பெய்லி என்ற இளைஞருக்கு நேர்காணல் ஏற்பாடு செய்தார். ஆள் மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த கறுப்பர் என்று தெரிந்ததும் அது ரத்து. படிப்பும் தகுதியும் ஐந்து நிமிடத்துக்கு முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. நான்கு மாதம் பஸ்ஸைப் புறக்கணித்த பிறகு, ஆகஸ்ட் 28 அன்று கம்பெனி பணிந்தது. செப்டம்பரில் முதல் நடத்துநராக ஏறியவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். வென்றது ஊர் மக்கள், அங்கே சங்கம் எதிர்ப்பக்கம் நின்றது.

வார்ட் விஷயமும் அப்படித்தான். வேறு எங்கும் வேலை கிடைக்காத பெண்கள் எதையும் பொறுத்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போடுவதற்கு முதலாளி வெள்ளையாக இருக்க வேண்டியதில்லை. வேறு எங்கும் ஏன் கிடைக்கவில்லை? அங்கேதான் நிறம் வருகிறது.

வெம்ப்ளி வாசி:
லெஸ்டர் அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நம்மவர் ஒருவரே இதை அப்போது சொன்னார். 1958 கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து லண்டன் வந்த அ. சிவானந்தன், இன உறவு ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். போராட்டம் சங்க அங்கீகாரம் என்ற ஒற்றைக் கோரிக்கையாகச் சுருங்கி, நிறத்தின் பெயரால் நடந்த சுரண்டல் பின்னுக்குத் தள்ளப்பட்டது என்பது அவர் குறை.

கடைசிக் காட்சி என்ன? 1977 நவம்பரில் தேசாயும் இன்னும் மூவரும் டி.யூ.சி. என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைமையக வாசலில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். முதலாளி வாசலில் இல்லை, சங்கங்களின் வாசலில்! அதற்கு அவர்களுடைய அபெக்ஸ் சங்கம் செய்த கைம்மாறு, நால்வரையும் சஸ்பெண்ட் செய்து ஸ்ட்ரைக் படியை நிறுத்தியது. டி.யூ.சி.யின் ஆதரவு முழங்கையில் தடவிய தேன் மாதிரி, வாசனை வரும், கண்ணுக்குத் தெரியும், நாக்குக்கு மட்டும் எட்டாது என்று அந்த அம்மா சொன்னது இதனால்தான்.

செங்கொடி கோவை:
தலைமை கைவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். தபால்காரர்களையும் அவர்களுடைய சங்கத் தலைமைதான் வேலைக்குத் திரும்பச் சொன்னது. அது நிறத்தால் அல்ல, சட்டத்துக்குப் பயந்து.

ஏக்காஸ் என்ற அரசு சமரச அமைப்பு சங்கத்தை அங்கீகரிக்கச் சொன்னது. உள்ளே வேலை செய்பவர்களின் முகவரியை அதற்குக் கொடுக்க வார்ட் மறுத்திருந்தார். அவர்களைக் கேட்கவில்லை, ஆகவே பரிந்துரை செல்லாது என்று 1977 டிசம்பரில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது! முகவரியை மறைத்தவருக்கே வெற்றி. நீதிபதி ஸ்கார்மன் விசாரணை நடத்தித் திரும்ப எடுக்கச் சொன்னார், அதையும் வார்ட் மதிக்கவில்லை. பிறகு வந்த தாட்சர் அரசு, வேறு இடத்துத் தொழிலாளி வந்து மறியல் செய்வதைச் சட்டத்தாலேயே கட்டிப்போட்டது.

2005இல் ஹீத்ரோவில் கேட் கூர்மே விமான உணவுக் கம்பெனி அறுநூற்றுக்கும் மேற்பட்டவர்களை நீக்கியது, பலர் பஞ்சாபிப் பெண்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸின் தரைப் பணியாளர்கள் உடனே வேலையை நிறுத்தினார்கள், விமானங்கள் நின்றன. அந்த ஆதரவு சட்டவிரோதம் என்பதால் சங்கமே அதை மறுத்து அறிக்கை விட வேண்டியதாயிற்று. மனம் இருந்தது, கையைச் சட்டம் கட்டியது.

லெஸ்டர்க்காரி:
சட்டம் கட்டியது 1980க்குப் பிறகு. லஃப்பரோவில் 1972இல் யார் கட்டினார்கள்? அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை, தோழர்.

கிரன்விக்கில் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று வெம்ப்ளித் தம்பி சொல்வதும் முழு உண்மை இல்லை. போராட்டம் நடந்தபோதே உள்ளே இருந்தவர்களுக்குச் சம்பளம் ஏறியது. பின்னாளில் அவர்களுக்குப் பென்ஷனும் கிடைத்தது, இடம் மாறியபோது வீட்டுக்கே வேன் வந்தது என்று தேசாயே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். வாங்கிக்கொடுத்தவர்கள் வாசலில் நின்ற பெண்கள். எந்தச் சங்கமும் அதைத் தன் கணக்கில் எழுத முடியாது.

செங்கொடி கோவை:
லஃப்பரோவுக்குப் பதில்: அங்கே சங்கம் செய்தது அநியாயம், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஜெயாபென்னும் மற்றவர்களும் வெளியே வந்ததும் முதலில் தேடியது சங்கத்தைத்தான். பிரெண்ட் தொழிற்சங்கக் கவுன்சிலின் ஜாக் டிரோமி முதல் வாரமே அவர்களோடு நின்றார். சங்கத்தால் பயன் இல்லை என்று அந்தப் பெண்கள் ஒருநாளும் சொல்லவில்லை. சங்கம் தங்களுடையதாகவும் இருக்க வேண்டும் என்றுதான் டி.யூ.சி. வாசலில் பட்டினி கிடந்தார்கள்.