அரசு இன்டர்நெட்டை நிறுத்தினபோது எது கை கொடுத்தது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருப்பூரிலிருந்து:
2011 ஜனவரியில் எகிப்தில் கெய்ரோ பக்கம் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். 27ஆம் தேதி நள்ளிரவு தாண்டியதும் நாடு முழுக்க நெட் போய்விட்டது. விடிந்து பார்த்தால் செல்போனிலும் சிக்னல் இல்லை. கெய்ரோவின் தாஹ்ரிர் சதுக்கத்தில் அரசை எதிர்த்துக் கூட்டம் சேரவிடாமல் தடுக்கத்தான் இவ்வளவும். செல்போன் மறுநாள் பேசியது, நெட் வர பிப்ரவரி 2 ஆனது. லேண்ட்லைன் மட்டும் கடைசிவரை உயிரோடு இருந்தது.

ஆபீஸ் ஃபேக்ஸில் ஒரு தாள் வந்தது. ஆர்டராக இருக்கும் என்று எடுத்தால், வெளிநாட்டு போன் நம்பர்கள், யூசர் நேம், பாஸ்வேர்டு. டெலிகாமிக்ஸ் என்ற தன்னார்வக் குழு, கையில் கிடைத்த எகிப்து ஃபேக்ஸ் நம்பருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது. அதில் ஒரு நம்பர் பிரான்சின் எஃப்டிஎன் திறந்துவிட்ட டயல்-அப் லைன், அதாவது போன் போட்டு அதன் வழியே நெட்டுக்குள் போகிற வழி. லாப நோக்கில்லாத சின்ன அமைப்பு அது. யூசர் நேம் 'டோட்டோ', பாஸ்வேர்டும் 'டோட்டோ'தான். உள்ளூர் டயல்-அப் எல்லாம் அடைத்துவிட்ட நெட் கம்பெனிகள் வழியாகப் போவதால் பிரயோஜனமில்லை. பாரிசுக்குப் போவது சாதாரண போன் கால். அதை நிறுத்த போனையே நிறுத்த வேண்டும்.

போன் லைனில் இணைக்கிற மோடம் உள்ள பழைய லேப்டாப்பைத் தேடி எடுத்தோம். மெயிலை முதலில் நோட்பேடில் அடித்து வைத்துக்கொள்வோம். பிரவுசரில் படங்களை ஆஃப் செய்து, லைன் போட்டு, ஒட்டி அனுப்பி, உடனே கட் பண்ணுவோம். வெளிநாட்டுக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்குமே! வினாடிக்கு 56 கிலோபிட் வேகம் என்பதெல்லாம் பேருக்குத்தான். மோடம் கீச்சிட்டு அடங்கி லைன் கிடைத்ததும் எகிப்துக்கார ஊழியர்கள் கைதட்டினார்கள். துணி வாங்குகிற பையருக்கு எழுத வேண்டிய மெயிலை ஓரம் வைத்துவிட்டு, வெளிநாட்டில் இருந்த அவர்கள் பிள்ளைகளுக்குத்தான் முதலில் எழுதினோம்.

நாமக்கல்லிலிருந்து:
அண்ணா, படிக்கும்போதே எங்கள் வீட்டு நினைப்புதான் வந்தது. அப்பா லாரி டிரைவர். 2019 ஆகஸ்டில் ஆப்பிள் லோடுக்காகக் காஷ்மீரில் இருந்தார். 5ஆம் தேதி நெட், செல்போன், லேண்ட்லைன் எல்லாம் ஒன்றாக நின்றது. அம்மா சாப்பிடவே இல்லை. 17ஆம் தேதியிலிருந்து லேண்ட்லைனை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். ஒரு மண்டிக் கடையில் வரிசையில் நின்று அப்பா கூப்பிட்டார். "நல்லா இருக்கேன். வண்டி பத்திரமா நிக்குது. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க, வெச்சிடறேன்." அவ்வளவுதான். அம்மாவுக்கு அது போதும். அங்கே போஸ்ட்பெய்டு செல்போன் பேசவே அக்டோபர் 14 ஆனது. 2ஜி 2020 ஜனவரியில், 4ஜி 2021 பிப்ரவரியில். அந்த மண்டிக்காரர் பழைய கனெக்‌ஷனை சரண்டர் பண்ணாமல் வைத்திருந்தாரே, அவரை நாங்கள் மறக்க மாட்டோம்.

சென்னையிலிருந்து:
இந்தப் பேச்சு வந்தாலே "ஹாம் ரேடியோ இருக்கே" என்கிறார்கள். தனி ஆட்கள் உரிமம் வாங்கி வீட்டிலிருந்தே பேசுகிற வயர்லெஸ் அது. உரிமம் வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அதை இதற்கு நம்ப வேண்டாம். உரிமம் கொடுப்பதே அரசுதான். ரகசியக் குறியீட்டில் பேசக் கூடாது. பேசுகிற இடத்தை ஏரியலைத் திருப்பியே கண்டுபிடித்துவிடலாம். இயற்கைப் பேரிடர் வேறு கதை. 2004 சுனாமியின்போது அந்தமானின் போர்ட் பிளேரிலிருந்து பாரதி பிரசாத் என்ற ஹாம் செய்த சேவையை எந்த ஹாமும் பெருமையோடுதான் சொல்வார். ஆனால் ஆட்சியே வாயை அடைக்கும்போது நான் நம்புவது ஷார்ட்வேவ் ரிசீவரை, அதாவது வெகுதூர நிலையங்களைப் பிடிக்கிற சிற்றலை ரேடியோவை. கேட்பவன் எங்கே இருக்கிறான் என்று அனுப்புகிற நிலையத்துக்கே தெரியாது. 2022 மார்ச்சில் போர் வந்தபோது உக்ரைனுக்காக பிபிசியும் தினமும் 4 மணி நேரம் ஷார்ட்வேவைத் திரும்பத் தொடங்கியது.

யாழ்ப்பாணத்திலிருந்து:
சென்னை அண்ணை சொல்லுறது சரி. எங்கட காலத்தில நெட்டே இல்லை, ஆனா அடைப்பு இருந்தது. 90களில பொருளாதாரத் தடை, பற்றரி வராது. சைக்கிளை நிமித்தி ஸ்டாண்டில விட்டு, டைனமோவில வயர் எடுத்து ரேடியோவுக்குக் குடுப்பம். ஒராள் மிதிக்க மற்ற ஆக்கள் சுத்தி இருந்து பிபிசி தமிழோசை கேப்பம். மிதிக்கிறவர் களைச்சா செய்தி வாசிக்கிறவற்ற குரலும் இழுபடும், உடனே அடுத்த ஆள் ஏறுவார். அந்த வானொலி 2017 ஏப்ரலில நிண்டுபோச்சு. இப்ப ஷார்ட்வேவில தமிழ்ச் செய்தி எந்த அலைவரிசையில தெளிவாப் பிடிபடுது எண்டு தெரிஞ்சவை எழுதுங்கோ.