ஹேமர் கோரல் (சுத்தியல் மாதிரி நுனி உள்ள பவளம்) காலையில விரியவே மாட்டேங்குது, உதவி பண்ணுங்க

கொட்டகலை டேங்க்:
எல்லாருக்கும் வணக்கம். 80 லீட்டர் கடல்தண்ணி டேங்க், ஏழு மாசமா ஓடுது, க்ளவுன் மீன் ரெண்டும் நல்லா இருக்கு. மூணு வாரத்துக்கு முந்தி கொழும்புல ஒரு கடையில ரெண்டு தலை (கிளை) உள்ள ஹேமரும், சோவா (பூ மாதிரி கூட்டமா வளர்ற மெதுவான பவளம்) ஒட்டின சின்ன கல்லு ஒன்னும் வாங்கி பஸ்ல மடியிலயே வச்சி கொண்டு வந்தேன், ஓவர்டைம் சல்லி முழுக்க அதுக்கே போச்சு. இப்ப ஹேமர் காலையில எலும்புக்குள்ள ஒடுங்கி கெடக்கு, லைட் எட்டு மணிக்கு வருது, பன்னெண்டு மணிக்கு மேலதான் மெல்ல விரியுது, சாயந்தரம் நல்லா ஆடிக்கிட்டு நிக்குது. உப்புத்தண்ணி அடர்த்தி 1.025, கேஎச் (தண்ணியோட காரத்தன்மை) 8.5, கல்சியம் 420, சூடு 25.5. சோவா கல்லுல பாசி வேற, வெந்நீர்ல முக்கி எடுக்கலாமா? இது செத்தா நிலாவெளி கடல்லருந்து பவளத் துண்டு கொண்டு வந்து தாரேன்னு ஒருத்தர் சொல்றாரு.

ஹாலிஎல:
ஃப்ளோ (தண்ணி ஓட்டம்) கூடவா இருக்கும், பம்ப சொவத்துப் பக்கம் திருப்பி பாருங்க.

பண்டாரவளை ரீஃப்:
தம்பி, மொதல்ல வெந்நீர் வேணவே வேணாம்! சோவாவுல பாலிடாக்சின்னு கடும் விஷம் இருக்கலாம், சுடுதண்ணி பட்டா ஆவியில கலந்து வரும், வீட்டுல உள்ள எல்லாரையுமே ஆஸ்பத்திரிக்கு தூக்க வேண்டி வரும். க்ளவுஸ் போட்டு, கண்ணுக்கு கண்ணாடி மாட்டி, டேங்க் தண்ணியிலயே பழைய டூத் பிரஷ்ஷால மெதுவா தேய்ங்க.

நிலாவெளி துண்ட வாங்காதீங்க. கல்லுப்பவளத்துக்கு நம்ம நாட்டுல சட்டப் பாதுகாப்பு இருக்கு, அங்கிட்டு புறாத்தீவு தேசிய பூங்கா வேற. 2016ல கடல் சூடாகி எவ்வளவோ பவளம் வெளுத்துப்போச்சு, மிச்சத்தையும் நாம ஒடைக்கலாமா?

ஹேமர் ராத்திரி கொஞ்சம் சுருங்குறது வழமைதான், ஆனா லைட் வந்து நாலு மணித்தியாலமா விரியலன்னா அது வேற. சூடு எத்தன மணிக்கு பார்த்தீங்க? விடியக்காலம் அஞ்சு மணிக்கு பார்த்து சொல்லுங்க.

கொட்டகலை டேங்க்:
பம்ப திருப்பி பார்த்தேன், ஒரு மாத்தமும் இல்ல. சூடு எப்பவும் வேல முடிஞ்சி வந்துதாண்ணே பார்ப்பேன். இன்னைக்கு அம்மா தேத்தண்ணி வைக்க எழும்பின நேரம் நானும் எழும்பி பார்த்தா 19.8! ஹீட்டர்ல சின்ன செவப்பு லைட்டே எரியல. பின்னால கைய விட்டு வயர புடிச்சிக்கிட்டே போனா, ஹீட்டரும் லைட்டும் ஒரே மல்டி பிளக்ல, அந்த மல்டி பிளக் டைமர்ல. இரவு எட்டு மணிக்கு லைட்டோட சேர்த்து ஹீட்டரும் அணைஞ்சிருக்கு. மூணு வாரமா அதுகள குளிர்ல விட்டிருக்கேன், மனசு கேக்கல.

பண்டாரவளை ரீஃப்:
பகல்ல 25, ராத்திரி 20ன்னா எந்தக் கோரல் தாங்கும். ஹீட்டர நேரா சுவர் பிளக்ல போடுங்க, ஒரேயடியா 25ல வைக்காம 22ல தொடங்கி ஒரு நாளைக்கு ஒரு டிகிரியா ஏத்துங்க. நம்ம ஜனவரி குளிருக்கு 100 வாட் ஒன்னு காணாது, ரெண்டு போட்டு சூட்ட பார்த்துக்குற கன்ட்ரோலர் ஒன்னும் வைங்க. இரவுக்கு டேங்க சுத்தி ரிஜிஃபோம் (தெர்மோகோல்) சீட் நிறுத்துங்க, கரண்ட் போனாலும் சூடு கொஞ்ச நேரம் நிக்கும். அடுத்த தடவ வாங்கக்குள்ள கடைக்கு வந்து எத்தன நாளுன்னு கேளுங்க, நேத்து வந்தத எடுக்காதீங்க, டேங்க்ல வளர்த்த துண்டா பார்த்து எடுங்க.

கொட்டகலை டேங்க்:
ஆறு நாளாச்சுண்ணே, இப்ப 25ல நிக்குது. இன்னைக்கு ஒன்பதரைக்கே விரிஞ்சிருச்சு! ஒரு தலை ஓரத்துல மட்டும் நகம் அளவுக்கு வெள்ள எலும்பு தெரியுது, பொழைக்குமா?

பண்டாரவளை ரீஃப்:
சதை அதுக்கு மேல விலகாட்டி பொழைக்கும். கைய வைக்காதீங்க, நாலு நாளைக்கு ஒருக்கா அதே கோணத்துல போட்டோ எடுத்து போடுங்க, பார்ப்போம்.