பேக்கப் ஸ்கிரிப்டில் ஃபோல்டரை விலக்குவதே தப்பா?

நைட்_டூட்டி:
ஒரு கல்யாண ஸ்டூடியோவின் மூன்று மேக் மெஷின்களுக்கும் பேக்கப் நான்தான் பார்க்கிறேன். ராத்திரி 2 மணிக்கு க்ரான் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாகத் தொடங்கும் வசதி) வழியாக ஆர்சிங்க் (ஃபைல்களைக் காப்பி எடுக்கும் கட்டளை) ஓடும், வேலை ஃபோல்டர் முழுவதும் வெளி டிஸ்க்குக்குப் போகும். இடம் மிச்சமாகட்டும் என்று எக்ஸ்க்ளூடில், அதாவது காப்பி எடுக்காமல் விட வேண்டிய பட்டியலில், 'டெம்ப்' என்று போட்டிருந்தேன். போன வாரம் ஒரு மெஷினின் டிஸ்க் பழுதாகிவிட்டது. பேக்கப்பிலிருந்து எடுத்துப் பார்த்தால், எடிட் செய்யும் பையன் ஒரு கல்யாண ஃபோல்டருக்குள்ளேயே 'டெம்ப்' என்று ஒன்று திறந்து, ஆல்பத்துக்குத் தேர்வான 180 படங்களின் ஃபோட்டோஷாப் ஃபைல்களையும் அதில்தான் வைத்திருக்கிறான். ஒரிஜினல் இருக்கிறது, மூன்று நாள் வேலை போச்சு. இனி எதையும் விலக்குவதாக இல்லை, எல்லாமே போகட்டும். சரிதானே?

பழைய_டேப்:
நூற்றுக்கு நூறு சரி. நான் இருபது வருஷமாகச் சொல்வது இதுதான். இன்று நீங்கள் எழுதுகிற விலக்குப் பட்டியலை நாளைக்கு வேலைக்குச் சேருகிற பையன் படிக்கவா போகிறான்? அவன் இஷ்டத்துக்குப் பெயர் வைப்பான். டிஸ்க் விலையைவிட அந்த மூன்று நாள் கூலி அதிகம்.

ஸ்லாஷ்_மறந்தவன்:
பழைய டேப் அண்ணா, கோபம் நியாயம், மருந்து தப்பு. இங்கே பிரச்சினை விலக்கியதில் இல்லை, வெறும் பெயரைக் கொடுத்ததில். ஆர்சிங்கில் அப்படிக் கொடுத்தால் எத்தனை ஆழத்தில் அந்தப் பெயர் இருந்தாலும் விட்டுவிடும். முன்னால் ஒரு ஸ்லாஷ் போட்டால் காப்பி தொடங்குகிற இடத்தில் இருப்பதை மட்டும்தான் விடும் (கம்ப்யூட்டரின் ரூட், அதாவது எல்லா ஃபோல்டருக்கும் மேலே உள்ள இடம் இல்லை, நானே இதில் ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன், சோர்ஸின் கடைசியில் ஸ்லாஷ் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து அதுவும் மாறும்). விண்டோஸின் காப்பி கட்டளையான ரோபோகாப்பியும் இதே கதைதான், ஃபோல்டரை விலக்கும் '/XD' ஆப்ஷனுக்குப் பெயர் மட்டும் கொடுத்தால் அந்தப் பெயரில் இருக்கிற எல்லா ஃபோல்டரும் போச்சு, முழுப் பாதை கொடுத்தால் அந்த ஒன்று மட்டும்.

அப்புறம், படம் எடிட் செய்கிற லைட்ரூமின் ப்ரிவ்யூ (முன்னோட்டப் படங்கள்) ஃபோல்டரை எதற்குச் சுமக்க வேண்டும்? ஒரிஜினல் படமும் கேட்டலாகும் (லைட்ரூம் தன் எடிட் விவரங்களை வைக்கிற ஃபைல்) இருந்தால் அது தானாக மறுபடி உருவாகும். வீடியோ எடிட் செய்கிற பிரீமியரின் மீடியா கேஷும் (வேகத்துக்காக அது உருவாக்கி வைக்கும் தற்காலிக ஃபைல்கள்) அப்படித்தான். எல்லாவற்றையும் எடுக்கிறேன் என்று லட்சக்கணக்கில் குட்டி ஃபைல்களை இழுத்தால் காலையில் பையன் வந்து உட்காரும்போதும் பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்.

பழைய_டேப்:
ஓடட்டுமே. மெதுவாக ஓடுகிற பேக்கப்பால் யாரும் அழுததில்லை.

ஸ்லாஷ்_மறந்தவன்:
டிஸ்க் நிரம்பிப் பாதியில் நின்றால்? க்ரான் அனுப்புகிற மெயிலை எத்தனை பேர் திறந்து பார்க்கிறார்கள்?

கண்ணாடி_போட்டவர்:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். நைட் டூட்டி, அந்த விலக்கை முதல் நாளிலிருந்தே வைத்திருந்தீர்களா, பாதியில் சேர்த்தீர்களா? பாதியில் சேர்த்திருந்தால் ஏற்கெனவே போன பழைய 'டெம்ப்' பிரதிகள் வெளி டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். 'டிலீட்' ஆப்ஷன் (மெஷினில் இல்லாததை வெளி டிஸ்க்கிலும் அழிப்பது) இருந்தாலும் விலக்கியவற்றை ஆர்சிங்க் தொடாது, 'டிலீட் எக்ஸ்க்ளூடட்' என்று தனியாகச் சொன்னால்தான் அழிக்கும். ஃபோல்டர் இருக்கிறதே என்று நம்பித் திறந்தால் உள்ளே ஆறு மாசத்துப் பழசு. காணவில்லை என்றால் காணவில்லை என்றாவது தெரியும், இது அதைவிட மோசம்.

எல்லாவற்றையும் எடுப்பதில் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் விலக்குகிற ஒவ்வொரு வரிக்கும் மேலே, இது போனால் எந்த மென்பொருள் மறுபடி உருவாக்கித் தரும் என்று ஒரு கமெண்ட் எழுதுங்கள். எழுத முடியாத வரியைத் தூக்கிவிடுங்கள். 'டெம்ப்' என்ற பெயருக்கு என்ன எழுதுவீர்கள்?

ஸ்லாஷ்_மறந்தவன்:
இதை ஒப்புக்கொள்கிறேன். கூடவே, எழுதியதும் ட்ரை ரன் (எதையும் காப்பி எடுக்காமல் ஒத்திகை மட்டும்) போட்டு, விவரம் காட்டச் சொல்கிற 'வி' ஆப்ஷனை இரண்டு தடவை கொடுங்கள். எந்த விதியால் எந்த ஃபோல்டர் மறைந்தது என்று வரி வரியாகக் காட்டும்.

பழைய_டேப்:
அந்த வரிகளைப் படிக்கப் போவது யார் என்றுதான் கேட்கிறேன்.

நைட்_டூட்டி:
நான் படித்தேன் சார். விலக்கைப் பாதியில்தான் சேர்த்திருக்கிறேன், கண்ணாடி போட்டவர் சொன்ன மாதிரி வெளி டிஸ்க்கில் பழைய 'டெம்ப்' இரண்டு கிடக்கின்றன. மிச்ச இரண்டு மெஷினிலும் ட்ரை ரன் ஓட்டியதில் இன்னும் ஏழு 'டெம்ப்' மாட்டியது, எல்லாம் கஸ்டமர் படம். 'டெம்ப் ஃபைனல்' என்று ஒன்று மட்டும் பெயர் முழுசாகப் பொருந்தாததால் தப்பித்து பேக்கப்பில் ஏறியிருக்கிறது.