ஓலைச்சுவடியில் கடுக்காய் மையா?

ஏட்டுக்கரி:
போன ஞாயிற்றுக்கிழமை திருப்பரங்குன்றத்தில் நடந்த ஓவியப் பட்டறையில், "மதுரைப் பக்கம் ஓலைச்சுவடிகளைக் கடுக்காய் மையால்தான் எழுதினார்கள்" என்று பாடம் நடத்தியிருக்கிறார்கள். இந்தக் குழுவிலும் பலர் அதற்குக் கைதட்டியிருக்கிறீர்கள். படித்ததும் எரிச்சலாக வந்தது. நம் ஊர் ஓலையில் மை தொட்டு எழுதும் வழக்கமே கிடையாது. எழுத்தாணியால் கீறினார்கள். கீறல் கண்ணுக்குத் தெரிவதற்காக விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்தார்கள், அப்புறம் துணியால் துடைத்தார்கள். பள்ளத்தில் இறங்கிய கரி நிற்கும், மேலே இருப்பது துணியோடு போய்விடும். இதில் கடுக்காய் எங்கிருந்து வந்தது?

மேலூர்க்காரன்:
பட்டறை நடத்தியவன் நான்தான் அண்ணே. பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். என் தாத்தா கணக்குப்பிள்ளை. கடுக்காயை இடித்து ஊறவைத்து, அன்னபேதி என்கிற இரும்பு உப்பைப் போட்டு, கருவேலம் பிசின் கரைத்து மை செய்வார். ஊற்றும்போது வெளிறித் தெரியும், காற்றுப்பட்டுக் காயக் காயக் கறுக்கும். நான் கண்ணால் பார்த்தது. அதைப் பொய் என்பீர்களா?

ஏட்டுக்கரி:
தாத்தா எழுதியது காகிதத்தில். நான் கேட்டது ஓலை. கணக்கு நோட்டையும் ஏட்டையும் ஒன்றாக்காதீர்கள். கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்த மை நாளானால் பழுப்பேறும், காகிதத்தையே அரிக்கும். விளக்குக்கரி அப்படியில்லை, வெயிலில் கிடந்தாலும் நிறம் மாறாது. திரும்பவும் சொல்கிறேன், ஓலையில் தேய்த்தது கரி.

சுங்குடி வீடு:
நடுவில் வருவதற்கு மன்னியுங்கள் அண்ணா. கடுக்காயை இப்படிக் கேவலமாகப் பேச வேண்டாம். துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிற வேலையே. துருப்பிடித்த இரும்பையும் கருப்பட்டியையும் ஊறவைத்த தண்ணீர் அதன்மேல் பட்டால் வருகிற கறுப்பை எந்தப் பவுடரிலும் எடுக்க முடியாது.

வைகைக்கரை:
அக்கா, இன்றைக்கு மதுரையில் எத்தனை சுங்குடிக்கு அப்படிச் சாயம் போடுகிறார்கள்? எல்லாம் பாக்கெட் சாயம்தானே?

சுங்குடி வீடு:
என் வீட்டில் என்ன போடுகிறோம் என்று எனக்குத் தெரியும் தம்பி. வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மேலூர்க்காரன்:
குஜராத்தில் சமணர்கள் தாளிப்பனை என்கிற அகன்ற ஓலைப் பனையின் ஓலையில் எழுதுகோலால் மை தொட்டு எழுதியிருக்கிறார்கள். ஓலையில் மை எழுதவே எழுதாது என்று பேசுகிறவர்கள் அதையும் படிக்க வேண்டும்.

ஏட்டுக்கரி:
எழுதாது என்று நான் எங்கே சொன்னேன்? நம் ஊரில் எழுதவில்லை என்றேன். பட்டறையில் நீங்கள் சொன்னதும் மதுரைப் பக்கத்தை, குஜராத்தை அல்ல. நம் ஓலை பனை ஓலை. அதை அவித்துக் காயவைத்து, பதம் பார்த்துத்தான் கீறுவார்கள். போன மாதம் ஒரு ஓலையில் கடுக்காய் மையைத் தொட்டு வைத்துப் பார்த்தேன். முத்து முத்தாக உருண்டு நின்றது, காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டினால் உரிந்தது. அதே ஓலையைக் கீறி, கோவையிலைச் சாற்றில் குழைத்த கரியைத் தேய்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் கறுப்பு மணி மாதிரி எழுந்தது. மஞ்சள் பூசுவார்கள், ஊமத்தையிலைச் சாறும் தேய்ப்பார்கள், ஒத்துக்கொள்கிறேன். கடுக்காய் மட்டும் இல்லை. கரி.

வைகைக்கரை:
இதற்கே இவ்வளவா? சித்தன்னவாசல் ஓவியத்தை எல்லாம் மூலிகைச் சாற்றில்தான் தீட்டினார்கள் என்று நம் ஆட்களே பெருமையாகச் சொல்கிறார்கள்.

ஏட்டுக்கரி:
அதுவும் தப்பு. இலைச்சாறு சுண்ணாம்புச் சுவரில் ஆயிரம் வருடத்துக்கு மேல் நிற்குமா? மஞ்சள் கிழங்குச் சாயம் சித்திரை வெயிலில் ஒரு மாதம் தாங்காது. அங்கே இருப்பது சுண்ணாம்பு வெள்ளை, கரி, செங்காவி, மஞ்சள் காவி, பச்சை நிற மண். கரியைத் தவிர எல்லாம் கல்லும் மண்ணும். மூலிகை என்றால்தான் நமக்குப் பெருமையா? ஒரு காவிக்கல்லை அம்மியில் தண்ணீர் விட்டு அரைத்துப் பாருங்கள். கையில் ஒட்டிய சிவப்பு இரண்டு நாளைக்குப் போகாது.

மேலூர்க்காரன்:
எல்லாவற்றையும் நீங்களே படித்துவிட்டீர்கள், நாங்கள் சும்மா வந்து உட்கார்ந்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். அது எத்தனை பேருக்குப் பிடிக்கவில்லை என்று எனக்கும் தெரியும்.

ஏட்டுக்கரி:
சொல்லிக்கொடுத்த லட்சணம்தான் பார்த்தேனே. போன வருடம் அதே பிள்ளைகள் கையில் அரிதாரம் என்கிற மஞ்சள் கல்லைக் கொடுத்து உரசச் சொன்னீர்கள். அரிதாரம் என்றால் ஆர்சனிக், விஷம். நான் ஓடிவந்து வாங்கி வைக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? அதற்கு இன்றுவரை ஒரு வார்த்தை பதில் இல்லை.

மேலூர்க்காரன்:
கையுறை போட்டுத்தான் கொடுத்தேன். பாதி பார்த்துவிட்டு முழுக்கதை சொல்லாதீர்கள். வரும் ஞாயிறும் கடுக்காய் மை செய்யத்தான் போகிறேன். கடுக்காய் கீழமாசி வீதியில் வாங்கியாயிற்று.

ஏட்டுக்கரி:
செய்யுங்கள், காகிதத்தில் எழுதுங்கள், நானே வந்து பார்க்கிறேன். ஓலை என்று மட்டும் சொல்லாதீர்கள். அது கரி. அப்புறம், போன தையில் என்னிடம் வாங்கிப்போன எழுத்தாணியை எப்போது தருவீர்கள்?

மேலூர்க்காரன்:
அதை அன்றைக்கே உங்கள் பையில் வைத்தேன்.

ஏட்டுக்கரி:
வைக்கவில்லை.